இரண்டரை மணி நேரம் பிந்திய கணினி

1

சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் செத்துப் பிழைத்தது. இன்று செவ்வாய். மூன்று நாளாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. சோறு வடிக்கும்போதுகூட நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். கேட்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். அவர் பாவம், யாரோ மனிதர்தான் பிழைத்து எழுந்திருக்கிறார் என்று எண்ணி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஒழுங்கான தமிழில் ஒரு முறை சொல்லிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும். அதனால் ஊரில் இந்த இதழைப் படிக்கும் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் புதுத் தாலியும் இரண்டு பெட்டியுமாகக் கோலாலம்பூரில் வந்து இறங்கினேன். என் கணவர் செல்வராஜ் இங்கேயே செந்தூலில் பிறந்து வளர்ந்தவர். தொலைபேசி இணைப்புகளைப் பழுதுபார்க்கும் வேலை. கம்பி, கருவி, திருகு என்று எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. ஒரே மகள் நித்யாவுக்குப் பதினைந்து வயது. நகரத்துக்குள்ளேயே, பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம்.

எனக்கு வேலை வீட்டிலேயே. கணினியில் தமிழ் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தருவது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, பதினாறாம் நாள் காரிய அட்டை என்று ஒரு தாள், இரண்டு தாள் வேலைகள்தான் வரும். கல்யாணமும் கருமாதியும் மாறி மாறி வருவதால் சில நாள் எந்த முகத்தோடு உட்கார்ந்து தட்டுவது என்றே தெரியாது. இந்த வருடம்தான் முதல் முறையாக ஒரு புத்தகம் வந்தது. கிள்ளானில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கோவிந்தன் சார், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதிய பயிற்சிப் புத்தகம். படங்களோடு சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போதே சார் சொன்னார்: “மொத பக்கத்துக்குப் பின்னால, கணினி அச்சு, பக்க அமைப்புன்னு உங்க பேரப் போட்டுக்குங்கம்மா. எப்படிப் போடணுமோ அது உங்க இஷ்டம்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கு ரயிலில் உட்கார்ந்து வரவில்லை, மிதந்து வந்தேன். அந்த ஒரு வரிக்காகவே நான்கு மாதம் உழைத்தேன் என்று சொன்னால் நம்புங்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் இந்த நாட்டில் என் பெயர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

2

இங்கே பெயர் எழுதும் முறை வேறு. நம்மைப்போல் முன்னால் ஓர் எழுத்தை வைத்துவிட்டுப் புள்ளி வைக்க முடியாது. இன்னாரின் மகள் இன்னார் என்பதைக் காட்ட, இரண்டு பெயருக்கும் நடுவில் மகள் என்ற பொருளில் ஒரு குறி போட வேண்டும். முதலில் உங்கள் பெயர், பிறகு குறி, பிறகு அப்பா பெயர்.

நான் வந்த புதிது. என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருந்தது. விசாவுக்கான படிவத்தை, படித்த பெண் என்ற திமிரில், யார் உதவியும் இல்லாமல் நானே நிரப்பினேன். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, நடுவில் அந்தக் குறியையும் மறக்காமல் போட்டேன். விளைவு, இந்த நாட்டுத் தாள்களில் நான் ‘வாணியின் மகள் ஆறுமுகம்’ ஆகிவிட்டேன். பெற்ற அப்பாவையே எனக்கு மகளாக்கிவிட்டேன்.

அதைத் திருத்த அலைந்த கதையை எழுதினால் இந்த இதழ் போதாது. ஒரு கவுண்டரில் சத்தியக் கடிதம் கேட்டார்கள். சத்தியக் கடிதத்தைக் கொண்டுபோனால் அதற்கு மலாய் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்போடு போனால் மூலப் பிரதி. மூலப் பிரதி தூத்துக்குடியில் அப்பாவின் இரும்புப் பெட்டியில். அதிகாரிகள் யாரும் கடுமையாகப் பேசியதில்லை. “சாபார் யா, புவான் ஆறுமுகம்” என்று சிரித்த முகத்தோடு பொறுமையாக இருக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபப்படவும் முடியாது.

அப்பா இருந்தவரை இதை வைத்தே என்னைக் கேலி செய்தார்கள். ‘அன்புள்ள அம்மா வாணிக்கு, உன் அருமை மகள் ஆறுமுகம் எழுதிக்கொள்வது’ என்றுதான் அவர்களுடைய ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். நிரந்தரமாகக் குடியிருக்கத் தரும் சிவப்பு அடையாள அட்டை கையில் வந்தபோதும் அந்தப் பெயரே வந்தது. இன்றைக்கும் கிளினிக்கில் ‘ஆறுமுகம்’ என்று கூப்பிட்டால் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவது நான்தான். உட்கார்ந்திருக்கும் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பழகவே இல்லை.

இந்த மண்ணில் அச்சில் ஒரே ஓர் இடத்திலாவது நான் வாணியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

3

இப்போது கணினிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கணினி, ஆனால் அதற்குள் இரண்டு குடித்தனம். வன்தட்டை இவர் இரண்டு பாகமாகப் பிரித்திருக்கிறார். ஒன்றில் விண்டோஸ், அது என் பக்கம். தமிழ் எழுத்துருவும் பக்கம் கட்டும் மென்பொருளும் அதில்தான் ஓடும். இன்னொன்றில் லினக்ஸ், அது அவர் பக்கம். கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டிலிருந்து ஏற்றினார். அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கணினியை முடுக்கினால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருக்கும். அந்த ஐந்து விநாடிக்குள் நான் சொல்லாவிட்டால் தானாக அவர் பக்கம் போய்விடும். எத்தனை நாள் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் வீட்டில் போய் நின்றிருக்கிறேன் தெரியுமா!

நித்யா பெரும்பாலும் அப்பா பக்கம். பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், நாட்குறிப்பும் ஆங்கிலம். என்னோடு பேசுவதற்கு மட்டும் தமிழ், அதுவும் பசிக்கும்போதுதான். தமிழ் படிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகக் கல் பொறுக்குவாள். “எம்மா, உங்க சைட்ல ஒன்னும் இல்லலா, போரிங்” என்பாள். ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? போன மாதம், ஊரில் கடை வைத்திருக்கும் என் அண்ணனோடு போனில் பேசும்போது, “என்னடி, வார்த்தைக்கு வார்த்தை லாங்கிற, பாட்டு கிளாஸ் போறியா?” என்று கேட்டான். நான் அப்படிப் பேசுவதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்த ஒரு கணினியை நம்பித்தான் என் பிழைப்பு முழுவதும் இருக்கிறது என்று இவருக்குக் கவலை வந்தது. அவருடைய அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, லோரியில் ஏற்றிவந்து, சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார். வீட்டில் மிச்சமிருந்த பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரு நீளமான கம்பி மட்டும் கூடத்தைத் தாண்டி என் மேசைக்கு வரும். அதன் பெயர் சர்வர். நம் கணினியில் இருப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் அதற்கு வேலை.

அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். “வீட்டுக்கே சர்வர் வச்சிட்டியா? தினம் எத்தனை பேரு சாப்பிட வாறாங்க?” என்று கேட்டான். ஆயுத பூசையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இவர் காற்று போகும் ஓட்டையில் மட்டும் வைக்காதே என்று பின்னாலேயே நின்றார்.

நகல் எடுக்கும் முறை எளிதுதான். வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் இவர் தன் பக்கம் போய் ஒரு கட்டளை தட்டுவார். அது என் பாகம், அவர் பாகம் இரண்டிலும் உள்ள ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, சர்வரில் இருக்கும் நகலோடு தேதியும் மணியும் ஒப்பிட்டுப் பார்க்கும். இங்கே இருப்பது புதிது என்றால் அங்கே இருப்பதன்மேல் எழுதிவிடும். அங்கே இருப்பதே புதிது என்றால் தொடாது. ஒரு கோப்புக்கு ஒரு நகல்தான், இடம் அவ்வளவுதான் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் வெட்கக்கேடு. கணினியில் ஓரமாக மணி காட்டும் அல்லவா? அதை நான் இந்திய நேரத்தில் வைத்திருந்தேன். மலேசியாவுக்கு நம் ஊர் இரண்டரை மணி நேரம் பின்னால். அண்ணன் கடை திறக்கும் நேரம் பார்த்துத்தான் போன் போட வேண்டும். கணக்குத் தப்பி இரண்டு முறை விடியுமுன் எழுப்பி, வீட்டில் யாருக்கோ என்னமோ என்று எல்லாரையும் கலங்கடித்திருக்கிறேன். கையில் மலேசியக் கடிகாரம் கட்டியிருக்கிறேன், சுவரில் ஒன்று தொங்குகிறது. நாள் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருக்கும் கணினியிலாவது ஊர் மணி ஓடட்டுமே என்று நினைத்தேன். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் அது அடிக்கடி தானாகவே மலேசிய நேரத்துக்கு ஓடிவிடும். கணினி என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நானும் சளைக்காமல் திருப்பி வைப்பேன். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

4

சனிக்கிழமைக் காலை பத்து மணிக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. எழுந்து நின்று கை தட்டினேன். அன்று மாலை நான்கு மணிக்குள் கிள்ளான் அச்சகத்தில் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை முதல் தீபாவளி வாழ்த்து அட்டைகளும் நாள்காட்டிகளும் ஓடத் தொடங்கிவிடும், பிறகு ஒரு மாதத்துக்கு இயந்திரம் கிடைக்காது, பிள்ளைகளின் பரீட்சையும் முடிந்துவிடும். பரீட்சைக்குப் பிறகு பயிற்சிப் புத்தகம் யாருக்கு வேண்டும்?

இவருக்கு அன்று விடுமுறை. “எந்திரி வாணி, மொதல்ல ஒரு பேக்கப் எடுத்துடறேன், அப்பறம் கூத்தாடு” என்றார். அவர் பக்கம் போய்க் கட்டளையைத் தட்டி நகல் எடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பாசாருக்கு மீன் வாங்கப் போனார்.

நான் திரும்ப என் பக்கம் வந்தேன். அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று மணி பார்த்தால் பத்தேகால் காட்டியது. அதாவது முந்தின நாளே மறுபடியும் மலேசியாவுக்கு ஓடியிருந்தது, வேலை மும்முரத்தில் காலையிலிருந்து நான் கவனிக்கவில்லை. வழக்கம்போல் ஏழே முக்காலாகத் திருப்பி வைத்தேன். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அந்த இடைவெளியில், மிச்சம் வைத்திருந்த என் வரியைப் போட உட்கார்ந்தேன்.

ஒரு வரி. முக்கால் மணி நேரம் ஆனது. வெறும் வாணி என்று போட்டால் மொட்டையாக இருந்தது. வாணி செல்வராஜ் என்று போட்டால், அவர் நல்லவர்தான், ஆனாலும் இந்த இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவர் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லையே? இந்த நாட்டு வழக்கப்படி நடுவில் குறி போட எனக்குப் பயம். எழுத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்து, நிமிர்த்தி, கடைசியில் ‘தூத்துக்குடி ஆ. வாணி’ என்று வந்தது. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. ஊரும் வந்துவிட்டது, அப்பாவும் தன் இடத்துக்கு வந்துவிட்டார்கள். சேமிக்கும் விசையை அழுத்தினேன். அதே நொடி மின்சாரம் போனது.

பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். மாதத்தில் இரண்டு முறை இப்படி ஆகும். மின்விசிறி நின்று, திரை கறுத்து, சாமி அலமாரிக்குக் கீழே சர்வரின் உறுமலும் நின்றது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்தது. கணினியை முடுக்கினால் நீலத் திரையில் என்னவோ சோதித்துவிட்டு என் பக்கத்தைத் திறந்தது. பதறிப்போய்க் கோப்புறையைப் பார்த்தேன். புத்தகத்தின் பெயர் இருந்தது. முருகா என்று மூச்சு விட்டேன். பெயரைப் பார்த்தேனே தவிர, திறந்து பார்க்கவில்லை. அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கும் வாசனை.

இவர் மீனோடு வந்தார். “கரண்டு போச்சா? அலாமாக்! எதுக்கும் இன்னொரு தடவ பேக்கப் எடுத்துடுவோம், சேஃப்டி” என்று சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து அவர் பக்கம் போய் மறுபடியும் கட்டளையைத் தட்டினார். வீட்டுக்கு இப்படி ஒரு பொறுப்பான மனுஷன் அமைந்தாரே என்று அவருக்கு நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு நித்யா ஃபிளாப்பிகளில் ஏற்ற உட்கார்ந்தாள். புத்தகம் ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்காது, துண்டு துண்டாகப் பிரித்துப் பதினொன்றில் ஏற்ற வேண்டும். பதினொன்றையும் எண் ஒட்டி வரிசையாக வைத்திருந்தாள். முதல் ஃபிளாப்பி கரகரவென்று ஓடியது, நின்றது.

“முடிஞ்சிருச்சு” என்றாள்.

“ஒன்னாவதா?”

“எல்லாமே. ஒரே டிஸ்க்ல முடிஞ்சிருச்சு.”

நான் பைத்தியக்காரி, பரவாயில்லையே, சுமை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். நித்யா முகம்தான் மாறியது. கோப்பைத் திறந்தாள். கட்டம் கட்டமாக இரண்டு வரி. அதற்குக் கீழே வெள்ளை. நான்கு மாத உழைப்பில் ஒரு சொல்கூட இல்லை.

5

“பேக்கப் இருக்கில்ல? ஏங்க, பேக்கப் இருக்கில்ல?” என்று கத்தினேன். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாந்தான் கெடுத்துட்டேன் வாணி. பத்து மணிக்கு எடுத்தது நல்லாத்தான் இருந்திருக்கும். கரண்டு போனப்பறம் இது ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு. அது தெரியாம நான் திரும்ப ஓட்டிட்டேன். ரோசாக்கான ஃபைல் நல்ல ஃபைல் மேல போய் உக்காந்திருக்கும். ஒரே காப்பிதானே இருக்கு.”

பதினெட்டு வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. திட்ட வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். கோவிந்தன் சாருக்கு எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் அடிக்க இருபது நிமிடம் என்றால் இருநூறு பக்கத்துக்கு? மனசு கண்டபடி ஓடியது. அழுகை வருகிற நேரத்தில் வெட்கமில்லாமல் என் பெயர் போட்ட அந்த ஒரு வரியும் ஞாபகம் வந்தது.

நித்யா எங்களைக் கண்டுகொள்ளவில்லை. கணினியை அப்பா பக்கம் முடுக்கி, சர்வருக்குள் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“அப்பா! சைஸைப் பாருங்க! பதினஞ்சு மெகா! ஃபைல் நல்லா இருக்கு!”

“இருக்காதும்மா. நான்தான் ஓட்டினேனே.”

“ஓட்டினீங்க. ஆனா இது மேல எழுதல. பத்து மணி ஃபைல் அப்படியே இருக்கு!”

அதைத் திரும்ப இங்கே இறக்கி, என் பக்கம் வந்து திறந்தோம். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. முதல் பக்கம் வந்தது. பொருளடக்கம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போ, போ என்று நான் அவள் தோளை உலுக்கினேன். விடைகளும் படங்களும் கோடு போட்ட கட்டங்களும் ஒன்றும் குறையாமல் வந்து நின்றன. நான் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் சீனத்து ஆன்டி வந்து கதவைத் தட்டினார். இவர் சட்டையில் மீன் வாசனையோடு என்னைக் கட்டிக்கொண்டார், மகள் முன்னாலேயே.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் இவருக்குள் இருக்கும் பழுதுபார்ப்பவர் விழித்துக்கொண்டார். “அதெப்படி எழுதாம இருக்கும்? புதுசா இருந்தா எழுதணுமே?”

நித்யா கெட்டுப்போன கோப்பைக் காட்டினாள். “இங்க பாருங்க, இது எட்டரைக்கு எழுதினதாப் போட்டிருக்கு. சர்வர்ல உள்ளது பத்து மணி. பத்து மணிதானே புதுசு? அதான் எட்டரை பழசுன்னு தள்ளிருச்சு. ஆனா கரண்டு போனது பதினோரு மணிக்கு. எப்படி எட்டரைன்னு வந்துச்சு?”

“பேட்டரி” என்றார் இவர். “உள்ள கடிகாரத்த ஓட்டுற இந்த சனியன் பேட்டரி ஒரு வருஷமா தொந்தரவு. சரியா ரெண்டரை மணி நேரம் ஸ்லோ ஆவுது. நானும் மூணு தடவ பேட்டரி மாத்திட்டேன். தெனமும் வந்து டைம நான்தான் கரெக்ட் பண்ணி வைக்கிறேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“என்னா?” என்றார்.

“அது பேட்டரி இல்லங்க.”

“பின்ன?”

“நான்தான். ஊர் மணி வச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நித்யா கணக்குப் போட்டு முடித்திருந்தாள். “ஒரு வருஷமா? ஒரே கடிகாரத்த நீங்க பின்னால தள்ள, அவரு முன்னால தள்ள, ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கவே இல்லியா?” என்று தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “மூணு பேட்டரிலா!” என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் ஒழுங்கான பெண்ணாக இந்த நாட்டு நேரத்தில் இருந்திருந்தால் கெட்ட கோப்பு பதினோரு மணி என்று பதிவாகியிருக்கும், நல்லதை விழுங்கியிருக்கும். பெருமை பேசக் கூடாது என்று பார்த்தால் முடியவில்லை. சாப்பிடும்போது மூன்று முறை சொல்லிக்காட்டினேன். நான்காவது முறை ஆரம்பித்ததும் இவர் சர்வருக்குள் போய் வேறொன்றைக் காட்டினார். போன மாதம் நான் திருத்திய ஒரு கல்யாணப் பத்திரிகை, அதே கோளாறினால் திருத்தாத நகலாகவே அங்கே கிடந்தது. பத்திரிகை அச்சாகிக் கல்யாணமும் முடிந்துவிட்டதால் தப்பித்தேன். இனிமேல் ஒவ்வொரு நாளின் நகலும் தனித்தனியாக இருக்கும் என்றும், எனக்கு ஊர் மணி காட்டத் திரையில் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் வைத்துத் தருவதாகவும் சொன்னார். “கேட்டிருந்தா அப்பவே வச்சுத் தந்திருப்பேனே வாணி” என்றார். அந்தச் சொல் எனக்கு உள்ளே போய்த் தைத்தது. கேட்டிருக்கலாம்தான்.

6

இரண்டு மணி கொமுட்டர் ரயிலில் நானும் நித்யாவும் ஏறினோம். பதினொரு ஃபிளாப்பியும் பிஸ்கட் டப்பாவுக்குள், டப்பா என் மடியில். இவர் புது முறையை இப்போதே செய்து முடிக்கிறேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கிடைத்தது பத்து மணிக் கோப்பு. என் பெயரை நான் போட்டது பத்தேகாலுக்குப் பிறகு.

“பேரு போச்சுடி” என்றேன்.

“என்னா பேரு?”

சொன்னேன். மகளிடம் இதையெல்லாம் நான் பேசியதே இல்லை. ஆறுமுகம் என்று கூப்பிடும்போது எழுந்து போவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள், சிரித்திருக்கிறாள். அது எனக்கு எப்படி இருக்கும் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். போகட்டும், பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைத்தால் போதும் என்றும் சொன்னேன். அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது.

“அச்சகத்துல கம்ப்யூட்டர் இருக்கும்ல? அங்கயே டைப் பண்ணிரலாம்” என்றாள் அவள்.

கிள்ளானில் இறங்கிப் பூக்கடைகளைத் தாண்டி ஓடாத குறையாக நடந்தோம். வாசலிலேயே கோவிந்தன் சார் குடையோடு நின்றார். அச்சகத்துக்காரர் முத்து அண்ணன் எங்களைக் கண்டதும் மணியைக் காட்டினார். மூன்றரை. ஒவ்வொரு ஃபிளாப்பியாகப் போட்டார். ஏழாவது முனகிக்கொண்டே நின்றது. சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அது ஒரு செருமல் செருமிவிட்டு ஓடியது. பதினொன்றும் முடிந்து புத்தகம் திரையில் விரிந்தது.

சார் முதல் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். “என்னம்மா, உங்க பேரு எங்க?”

“சொல்லுங்கக்கா, சட்டுன்னு” என்றார் முத்து அண்ணன். “அஞ்சு நிமிசம்தான் இருக்கு. அப்பறம் ஃபிலிமுக்குப் போயிரும், கைய வைக்க முடியாது.”

நான் விசைப்பலகையை நெருங்கினேன். நித்யா என்னை விலக்கிவிட்டு விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தமிழ் எழுத்துகள் எந்த விசையில் இருக்கின்றன என்று அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆள்காட்டி விரலால் தேடித் தேடி ‘கணினி அச்சு, பக்க அமைப்பு’ என்று அடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பெயரை அவள் தமிழில் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ‘ஆ. வாணி’ என்று வந்ததும் நிறுத்தினாள்.

“ஊரு போடணுமா, மா? எந்த ஊரு?”

முக்கால் மணி நேரம் யோசித்துக் காலையில் முடிவு செய்த வரி எனக்கு ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. சார் காத்திருந்தார். முத்து அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பிரிக்ஃபீல்ட்ஸ்” என்றேன்.

நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள். “கண்டிப்பாவா? அப்பறம் மாத்த முடியாது.”

“போடு.”

அடித்தாள். சார் கண்ணாடியை இறக்கி ஒரு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ திருடியவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டதும் உண்மை.

இரண்டு வாரத்தில் புத்தகம் வந்துவிடும். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது அந்தப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை மறந்து சொன்னதில்லை. கேட்டவுடன் என் வாயில் வந்தது இந்த ஊர்தான்.